இல்லாத புண்ணுக்குப் பத்தியம்

1

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே கனடாவில் அஜக்ஸ் என்ற ஊரில், எங்கள் பழைய அயலவர் சின்னராசா அண்ணைக்கு முதலாம் ஆண்டுத் திவசம். ஐயர் கிரியையை முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்ட பிறகு, அண்ணையின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்துப் படைத்தார்கள். கத்தரிக்காய்க் குழம்பில் சிவப்பாக எண்ணெய் மிதந்தது. பக்கத்தில் பாகற்காய்க் கறி, மோர்மிளகாய், எலுமிச்சங்காய் ஊறுகாய், இடித்த சம்பல். ஒவ்வொன்றையும் காட்டி, அப்பாவுக்கு இது இல்லாமல் சோறு இறங்காது என்று மகன் குகன் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மனிசன் உயிரோடு இருந்த கடைசி மாதங்களில் அவருடைய நாக்கில் ஒரு மிளகாய் விதை படாமல் காவல் காத்த வீடு இது. இப்போது படத்துக்கு உறைப்புக் குழம்பு. படம் சாப்பிடாது என்பதால் தாராளமாகப் போட்டிருந்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். திவச வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது என்ற அளவுக்கு எனக்கும் மரியாதை தெரியும். பக்கத்தில் இருந்த பெண், குகனுடைய மனைவியின் பெரியம்மா முறை, பக்கத்து ஊரான விட்பியில் இருந்து வந்தவ, என் மகள் தர்ஷினி இப்போது என்ன படிக்கிறாள் என்று விசாரித்தா. நேர்சிங் படிக்கிறாள், முதல் வருஷம் என்றேன். அவ பப்படத்தை நொறுக்கியபடி சொன்னா:

“உவளோ? நேர்சுக்கு இரக்கம் எல்லோ வேணும்.”

சுற்றி இருந்தவர்கள் தங்கள் தங்கள் இலையைப் பார்த்தார்கள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அங்கே சொல்லாமல் விழுங்கியதைத்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு இங்கே எழுதுகிறேன். பாயாசம் குடிக்காமல் எழும்பியதில் எனக்கு வருத்தம் உண்டு.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் அரசாங்க ஆசுப்பத்திரியில் நேர்சாக இருந்தவள் நான். அங்கே எங்களை எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். கனடாவுக்கு அகதியாக வந்த பிறகு அந்தப் பெயர் போய்விட்டது. ஸ்காபரோவில் ஒரு நேர்சிங் ஹோமில் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஊட்டிவிடுகிற உதவியாளர் வேலை செய்கிறேன். அந்த வேலையில் எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் சனத்துக்குத்தான் வெட்கம். கலியாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது ‘ஆசுப்பத்திரியில வேலை’ என்று அவர்களாகவே மாற்றிச் சொல்லிவிடுவார்கள். எனக்குப் பின்னால் ‘கிழடுகளுக்குக் கழுவுற வேலை’ என்பார்கள்.

இங்கே நேர்சாகப் பதிந்து வேலை செய்ய நான் முயற்சி செய்யவில்லை என்று நினைக்கவேண்டாம். நான் படித்த பயிற்சிப் பள்ளியே என்னுடைய படிப்பு விபரங்களை முத்திரை வைத்து நேரே தங்களுக்கு அனுப்பவேண்டும் என்று பதிவு செய்கிற கந்தோரில் சொன்னார்கள். அது யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடுதாசி போய்ச் சேர்ந்தாலே புதினமாகக் கதைக்கிற காலம். கந்தோரில் இருந்த பெண்ணுக்கு யுத்தத்தை விளங்கப்படுத்தினேன். அவ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, அப்படியானால் நீங்களே நேரில் போய் வாங்கி வரலாமே என்றா. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவளிடம், ஓடி வந்த இடத்துக்கே போய் முத்திரை வாங்கி வரச் சொல்கிறார்கள். அதையும் புன்னகையோடு சொல்கிறார்கள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரக்கம் என்ற சொல்லும் எனக்கு இப்போது எரிச்சலைத்தான் தருகிறது. ஹோமில் ஆள் குறைந்த நாட்களில் மனேஜர் வந்து, உங்கள் ஆட்களுக்குத்தான் எவ்வளவு இரக்க மனசு என்று தோளில் தட்டுவா. இன்னும் நாலு பேரை என் தலையில் கட்டப்போகிறா என்று அர்த்தம். எங்கள் சனமும் அப்படித்தான். நேர்ஸ்மார் தெய்வங்கள் என்று மேடையில் பேசுகிறவர் தன் மகளை அந்தப் பக்கம் எட்டியும் பார்க்க விடமாட்டார்.

ஆகவே பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பதின்மூன்றாம் வகுப்பில் இருந்த தர்ஷினி, தான் நேர்சிங் படிக்கப் போவதாகச் சொன்னபோது நான் துள்ளிக் குதிக்கவில்லை. தகப்பன் கம்பியூட்டர் படி என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நாட்களில் இந்த மாகாணத்தில் ஆசுப்பத்திரிகளை மூடி, நேர்ஸ்மாரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் கேட்டேன், உனக்கேன் இந்த வேலை, நான் படுகிறது காணாதோ என்று.

அவள் அப்போது சனிக்கிழமைகளில் ஒரு ஆசுப்பத்திரியில் சம்பளமில்லாத தொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுவது, புத்தக வண்டி தள்ளுவது போன்ற வேலை. அங்கே தான் கண்ட ஒன்றைச் சொன்னாள். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து கட்டிலடி மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கை எட்டாதவர்களும் இருக்கிறார்கள், மூடியைத் திறக்கப் பலமில்லாதவர்களும் இருக்கிறார்கள். அரை மணித்தியாலம் கழித்து இன்னொருவர் வந்து, மூடி திறபடாத தட்டைத் திரும்ப எடுத்துப் போகிறார். பசியில்லையாம் என்று எழுதிவிடுகிறார்கள்.

“அம்மா, ஒருத்தரும் மூடியைத் திறந்து குடுக்கினம் இல்லை,” என்றாள். “நான் திறந்து குடுத்தால் சாப்பிடினம்.”

அவ்வளவுதான் அவள் சொன்ன காரணம். அவளுடைய தமிழ் அரைகுறைத் தமிழ்தான், வந்தபோது சின்னப்பிள்ளை. ஆனால் அவள் எதைப் பார்க்கிறாள் என்பது எனக்கு விளங்கியது.

3

சின்னராசா அண்ணை யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். அவருடைய நண்டுக் குழம்புக்காக மத்தியானத்தில் கந்தோர்க்காரர் வரிசையில் நிற்பார்களாம். இங்கே வந்து ஒரு விருந்து மண்டபத்தின் சமையலறையில் வெங்காயம் உரித்தார், சட்டி கழுவினார். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் நாங்கள் இருந்த அதே கட்டடத்தில்தான் அவர்களும் இருந்தார்கள். நான் ஊரில் நேர்ஸ் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை மிஸ்ஸி என்றே கூப்பிட்டவர் இந்த நாட்டில் அவர் ஒருவர்தான். சனிக்கிழமை சீனக்கடையில் நண்டு வாங்கி முருங்கையிலை போட்டுக் காய்ச்சினால், எங்களுக்கும் ஒரு கோப்பை மேலே வரும். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிடுவோம். கதவடியில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

பிறகு குகன் அஜக்சில் வீடு வாங்கித் தாயையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போனான். புதுவீடு, சமைக்கப் பெரிய குசினி. ஆனால் நடந்து போக ஒரு கடை இல்லை, கதைக்க ஒரு ஆள் இல்லை. அண்ணை பஸ் மாறி மாறி வோபர்னுக்கு வருவார், மீன் வாங்க என்று சாட்டுச் சொல்லி. அப்படி வந்த ஒருநாள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது அவருடைய கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. உடனே டொக்டரிடம் போங்கோ அண்ணை என்று கலைத்துவிட்டேன்.

சோதனைகள் எல்லாம் முடிய, கணையத்தில் கான்சர், ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தது. டொக்டர் இங்கிலீசில் சொன்னார். பக்கத்தில் இருந்த குகன் தகப்பனுக்குத் தமிழில் சொன்னான், வயிற்றுப் புண் என்று. அவருக்குத் தெரிகிறதா என்று டொக்டர் கேட்க, ஓம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றான்.

இதை அவனே என்னிடம் சொன்னான். நேர்ஸ் கண்ணுக்குத் தப்பாது என்று தெரியும்.

“அன்ரி, கான்சர் எண்டு கேட்டால் அப்பா அண்டைக்கே விழுந்துபோவார். நீங்களும் ஒண்டும் கதைக்காதேங்கோ.”

அவன் கெட்ட பிள்ளை இல்லை. தகப்பனில் உயிரையே வைத்திருந்தவன். எங்கள் ஊர் ஆசுப்பத்திரியிலும் இதுதான் வழக்கம். டொக்டர் கட்டிலில் கிடக்கிற வருத்தக்காரனிடம் சொல்லமாட்டார், சொந்தக்காரரை விறாந்தைக்குக் கூப்பிட்டுச் சொல்வார். ஆனால் இதில் ஒரு பிசகு இருக்கிறது, அதை அவன் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் வயிற்றுப் புண் என்று சொன்னால் அடுத்த நிமிடம் பத்தியம் தொடங்கும். பத்தியம் தொடங்கினால் அதை நிறுத்துவதற்கு ஆள் இல்லை.

அண்ணைக்குப் பத்தியம் தொடங்கியது. காலையில் பால்கஞ்சி, மத்தியானம் குழைந்த சோறும் தயிரும், இரவில் இடியப்பத்துக்கு மிளகாய் போடாத வெள்ளைச் சொதி. புளி இல்லை, மிளகு இல்லை, கோப்பி இல்லை. அவருடைய மனைவி பரமேஸ் அக்கா ஊறுகாய்ப் போத்தல்களை எடுத்து மேல்தட்டில் ஒளித்துவைத்தா. வாழ்க்கை முழுவதும் மற்றவர்களுக்கு உறைப்பாகச் சமைத்துப் போட்ட மனிசன், தன்னுடைய கடைசிப் பசியை வெள்ளைக் கஞ்சியில் கரைத்தார். அப்போது அவருக்குப் பசி இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த வருத்தத்தில் பசி நெடுநாளைக்கு நிற்காது.

நான் குகனிடம் சொன்னேன். தகப்பனிடம் சொல்லும் தம்பி, அவருடைய உடம்பு, அவர் முடிவெடுக்கட்டும், சாகப்போகிறவருக்கு ஏன் பத்தியம் என்று கேட்டேன். முதல் தரம் தலையைக் குனிந்தான். இரண்டாம் தரம் முகம் சிவந்து, அன்ரி நீங்கள் உங்கட நேர்சிங் ஹோமிலை போய் நேர்ஸ் வேலை பாருங்கோ என்றான். அதன் பிறகு நான் போகும் நேரமெல்லாம் கட்டிலடியில் வந்து நின்றுகொண்டான்.

4

அந்தக் குளிர்காலத்தில் அண்ணையை வார்ட்டில் அனுமதித்தார்கள். தர்ஷினி சனிக்கிழமை வேலைக்குப் போன அதே ஆசுப்பத்திரிதான். அவளுக்கும் விஷயம் தெரியும், வீட்டில் நான் கத்தியதைக் கேட்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை பனி கொட்டியது. நாலு-நூற்றொன்று பெருந்தெருவில் கார்கள் மோதி, கிழக்குப் பக்கம் எல்லாம் அடைத்துப்போயிற்று. குகன் அஜக்சில் இருந்து எங்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, புறப்படப்போன தர்ஷினியைக் கேட்டான். இன்றைக்குப் பெரிய டொக்டர் வருகிறார், தான் வந்து சேர மத்தியானமாகும், டொக்டர் என்ன கேட்டாலும் தகப்பனுக்கு வயிற்றுப் புண் என்று மட்டும் சொல்லு தங்கச்சி என்றான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் அப்போது வேலைக்குப் போய்விட்டேன்.

டொக்டர் வந்தார். தமிழ் தெரிந்த ஆள் யாரும் இருக்கிறார்களா என்று வார்ட்டில் கேட்டார். தொண்டு வேலைக்காரரின் மேற்சட்டையோடு புத்தக வண்டி தள்ளிக்கொண்டு நின்ற என் மகளைக் கைகாட்டினார்கள்.

இந்த இடத்தில் நான் ஒன்று கேட்கிறேன். இந்த நாட்டில் ஒருவரின் தலைமயிர் வெட்டவும் பத்திரம் வேண்டும். வார்ட்டுகளில் வேலை செய்து தேய்ந்த என் கைகள் ஒரு முத்திரை இல்லாததால் ஊசி போடக்கூடாது. ஆனால் ஒரு மனிதனுக்கு நீ சாகப்போகிறாய் என்று சொல்வதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளை போதும். ஸ்காபரோ முழுக்கத் தமிழ்ச்சனம், அவ்வளவு பெரிய ஆசுப்பத்திரியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லை. பெற்ற பிள்ளை மறைத்தான் என்று குகனைக் குற்றம் சொல்கிறேன். சரி, அந்தப் பெரிய இடம் என்ன செய்தது? அத்தனை கிழமையும் டொக்டர் நிறையச் சொல்ல மகன் ஒரு வரியில் முடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையா?

அன்றைக்கு டொக்டர் கேட்டது இதுதான். கட்டியை வெட்ட முடியாது. மருந்து ஏற்றினால் கொஞ்சக்காலம் கூடலாம், ஆனால் உடம்பை முறிக்கும். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்று அவரே சொல்லவேண்டும்.

வயிற்றுப் புண் என்று சொல்லிக்கொண்டு இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது? யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

தர்ஷினி சொல்லிவிட்டாள். கணையத்துக்குத் தமிழ் அவளுக்குத் தெரியாது. வயிற்றுக்குள் ஒரு கட்டி, அது கான்சர், வெட்டி எடுக்க ஏலாதாம் என்று சொன்னாள்.

“அப்ப புண் இல்லையோ?” என்று அண்ணை கேட்டிருக்கிறார்.

“இல்லை அங்கிள்.”

அவர் மேசையில் இருந்த வீட்டுக் கஞ்சிப் பிளாஸ்கைக் காட்டிக் கேட்டாராம்:

“அப்ப நான் ஏன் பிள்ளை கஞ்சி குடிக்கிறன்?”

5

அன்று பின்னேரம் நான் வேலையால் வர, குகன் எங்கள் கதவடியில் நின்றான். சப்பாத்தில் இருந்த பனி உருகிக் கம்பளத்தை நனைத்துக்கொண்டிருந்தது. உள்ளே வரச் சொல்ல வரவில்லை.

“என்ர அப்பாவை உங்கட மகள் சாக்காட்டிப்போட்டாள் அன்ரி,” என்றான். வேறொன்றும் சொல்லாமல் அழுதுகொண்டு லிஃப்டுக்குப் போனான்.

திங்கட்கிழமைக்கு முன்னமே விஷயம் ஸ்காபரோ, அஜக்ஸ், விட்பி எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கே தபால் தாமதிக்கும், ரெலிபோன் தாமதிக்காது. ஈவிரக்கம் இல்லாத பெட்டை என்றார்கள். கனடாவில் வளர்ந்தால் இப்படித்தான் என்றார்கள். தமிழ் ஒழுங்காகத் தெரியாததால்தான் பச்சையாகச் சொல்லிவிட்டாள் என்று ஒருவர் அவளுக்காகப் பரிந்து பேசினார். பொய் சொல்வதற்குத்தான் நல்ல தமிழ் வேண்டும்போல இருக்கிறது. இவள் நேர்சாகப் போனால் வருத்தக்காரர் பயத்திலேயே போய்விடுவார்கள் என்று கோயிலில் எனக்குக் கேட்கும்படியே கதைத்தார்கள். இவர்களில் ஒருவரும் அண்ணையை ஆசுப்பத்திரியில் போய்ப் பார்த்தவர்கள் இல்லை.

தர்ஷினி ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. நான் கேட்டதற்கு, அவர் கேட்டார், நான் சொன்னேன் என்றாள். அடுத்த சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. மேற்சட்டையைத் தோய்த்து மடித்து, திருப்பிக் கொடுக்கச் சொல்லி என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் முடியப்போகிறது, அப்பா சொன்னமாதிரி கம்பியூட்டருக்கே போடுகிறேன் என்றாள். தகப்பன் சந்தோஷப்படவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரப்படாதை அம்மா என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? மூடி திறந்து கொடுத்தவள் இந்தப் பிள்ளை. மூடி வைத்தவர்கள் எல்லாரும் இரக்கக்காரர், இவள் கொலைகாரி. அண்ணையிடம் போய் என் மகளுக்காக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். மன்னிப்புக் கேட்க அல்ல, அவரைப் பார்க்கவேண்டும் என்றுதான் போனேன்.

6

அண்ணை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் விழுந்துபோகவில்லை. குகன் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றான். என்னைக் கண்டதும் அண்ணை கேட்ட முதல் கேள்வி, பிள்ளை ஏன் வரவில்லை என்பது. நான் நடந்ததைச் சொன்னேன். சனம் கதைத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன், அந்த அறையில் ஒளித்தது காணும் என்று எனக்கு இருந்தது.

அவர் குகனைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். பிறகு எனக்குச் சொன்னார்:

“மிஸ்ஸி, அவள் எடுத்தவுடனை சொல்லேல்லை. டொக்டரைப் பொறுங்கோ எண்டுபோட்டு என்னட்டைக் கேட்டவள். ‘அங்கிள், உங்களுக்கு எல்லாம் தெரியவேணுமோ, இல்லாட்டி குகன் அண்ணா வந்து சொல்லட்டுமோ’ எண்டு. என்ர வயிறு, எனக்குச் சொல்லு எண்டு நான்தான் சொன்னனான். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டது அந்தப் பிள்ளை ஒண்டுதான்.”

குகன் மறுபடியும் ஜன்னலுக்குத் திரும்பினான். இதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. இரண்டு கிழமையாக வசவு கேட்டுக்கொண்டு இருந்தவள், தன்னைக் காப்பாற்றக்கூடிய அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, அது அங்கிளும் நானும் கதைச்சதுதானே அம்மா என்றாள்.

மருந்து ஏற்றவேண்டாம் என்று அண்ணை முடிவெடுத்திருந்தார். இனி டொக்டர் வரும்போது பிள்ளை நிற்கவேண்டும் என்றார். “குகன், நீயும் நில். ஆனால் நீ வாய் திறக்கக்கூடாது,” என்றார். அடுத்த சனிக்கிழமை தர்ஷினி மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். என் கைப்பைக்குப் பக்கத்தில் இருந்து அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

நான் சீனக்கடைக்குப் போனேன். நண்டு வாங்கி, மிளகாய்த்தூள் அள்ளிப் போட்டு, முருங்கையிலை கிடைக்காமல் நாலு கடை ஏறி, அண்ணை காய்ச்சுகிறபடியே காய்ச்சிக் கொண்டுபோனேன். மூடியைத் திறக்க வார்ட் முழுக்க மணத்தது. தர்ஷினி ஒரு காலை உடைத்துச் சதையை எடுத்துக் கொடுத்தாள். அவர் குழம்பில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். நெற்றி வேர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

“உப்புக் கொஞ்சம் குறைவு, மிஸ்ஸி,” என்றார்.

இன்னும் இரண்டு தரம் தொட்டு வைத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. காணும் என்று கையைக் காட்டினார். பசி போய்விட்டது. பசி இருந்த நாட்களைக் கஞ்சிக்குக் கொடுத்தாயிற்று. மிச்சக் குழம்பை மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதைச் சாப்பிட மனம் வரவில்லை. மார்ச் மாதம் முடிவதற்குள் அண்ணை போய்விட்டார். கான்சரால் போனார் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேறு காரணம் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

7

திவச வீட்டில் கை கழுவப் போனேன் என்றேன் அல்லவா. குசினியில் பரமேஸ் அக்கா தனியே நின்றா. அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா நின்றா. அந்த வருஷம் முழுக்க நான் அவவோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஊறுகாய்ப் போத்தலை ஒளித்த கை அது என்று எனக்கு மனதில் இருந்தது. தெரிந்துகொண்டே செய்தவ என்று நினைத்திருந்தேன்.

விட்பிக்காரி சொன்னது அவவின் காதிலும் விழுந்திருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தா.

“எனக்கும் அவன் புண் எண்டுதான் சொன்னவன்,” என்றா. “ஒருநாள் இவர் எழும்பி வந்து, கதிரையிலை ஏறி ஊறுகாய் எடுத்தவர். நான் பறிச்சுப்போட்டன். சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டவர், ஒரு துண்டு தாடி எண்டு. குடுக்கேல்லை. உங்கட நன்மைக்குத்தானே எண்டு பேசினனான்.”

ஒரு வருஷமாக நான் கோபித்த இரண்டு பேரில் ஒருவர் பிழையான ஆள். தாய்க்கும் சேர்த்துத்தான் அவன் மறைத்திருக்கிறான், தாயும் தாங்கமாட்டா என்று. அந்த அம்மா தன் கையால் புருஷனுக்கு இல்லாத புண்ணுக்குப் பத்தியம் கொடுத்துவிட்டு, அதை நினைத்துக்கொண்டு இந்தப் பெரிய குசினியில் ஒவ்வொரு நாளும் சமைக்கிறா. அன்றைக்கு இலையில் மிதந்த எண்ணெய் யார் ஊற்றியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவ இன்னும் ஒன்று சொன்னா. கொஞ்சக்காலமாகத் தனக்கும் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, ஒருவருக்கும் சொல்லவில்லை.

“டொக்டரிட்டைப் போறதெண்டால் உன்ர பெட்டையோடை போறன், ரஞ்சி. இவன் வேண்டாம். இவன் எனக்கும் ஏதும் புண் எண்டு சொல்லிப்போடுவான்.”

வீட்டுக்கு வந்தவுடன் படிக்கிற இடத்தில் தங்கியிருக்கும் தர்ஷினிக்கு ரெலிபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது, இரக்கமில்லாதவள் என்று பெயர் எடுத்தவளைத்தானே அந்த வீட்டில் தேடுகிறார்கள் என்று.

“நாளைக்கே வாறன், கூட்டிக்கொண்டு போறன்,” என்றாள். “ஆனால் அம்மா, குகன் அண்ணாக்கு ஒளிச்சு இல்லை. பரமேஸ் அன்ரி முதல்ல அவருக்குச் சொல்லோணும். அவ தன்ர வாயாலை சொல்லோணும். பிறகு ஆர் வரோணும், ஆர் வரவேண்டாம் எண்டு அவ முடிவெடுக்கட்டும்.”

எனக்கு முதலில் கோபம் வந்தது. அவனுக்கு ஏன் சொல்லவேண்டும், எங்களைப் படுத்தியது காணாதோ என்று கேட்டேன். அவள் ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்.

“அப்ப நாங்களும் ஒளிக்கிற ஆக்கள்தானே அம்மா.”

நான் போனை வைத்துவிட்டு, திரும்ப எடுத்து அஜக்சுக்கு அடித்தேன். எடுத்தது குகன். குரல் களைத்திருந்தது. திவசத்துக்கு வந்ததுக்கு நன்றி அன்ரி என்றான். அம்மாவை ஒருக்காக் கூப்பிடும் தம்பி என்றேன். என்ன விஷயம் அன்ரி என்று கேட்டான்.

“அவவே உமக்குச் சொல்லுவா,” என்றேன். “நீர் பக்கத்திலை இருந்து கேளும்.”